எலோவின் அளவுகோலும் எங்கட ராங்கும்

1996ஆம் ஆண்டு அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனத்தின் ரேட்டிங் பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருந்தவர் ஒரு ஆயுள் கைதி. பெயர் குளோட் பிளட்குட். தாயைக் கொலை செய்த குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டு, வேர்ஜீனியா மாநிலச் சிறையொன்றில் இருந்தவர். ரேட்டிங் 2702. உலக சம்பியன் பட்டத்துக்கு மோதுற ஆக்கள் வைச்சிருக்கிற மாதிரியான எண் அது.

பிளட்குட் நல்லா விளையாடக்கூடியவர்தான், ஆனால் உலகத்தரம் எல்லாம் கிடையாது. அவர் செய்தது இவ்வளவுதான்: மறியலுக்குள்ளேயே போட்டிகளை ஒழுங்கு பண்ணி, சக கைதிகளோடு ஓயாமல் விளையாடினார். புதிதாக மறியலுக்கு வருகிற ஒருவர், ஏற்கனவே ரேட்டிங் உள்ள கைதிகளோடு சில ஆட்டங்கள் ஆடினால் அவருக்கும் ஒரு ரேட்டிங் கிடைக்கும். வீங்கிப்போன ஒரு வட்டத்துக்குள்ளே இருந்து வருகிற ரேட்டிங் என்பதால் அதுவும் வீங்கித்தான் இருக்கும். பிறகு பிளட்குட் அவரை வெல்வார், புள்ளி பிளட்குட்டிடம் வரும். அடுத்த கைதி வருவார், திருப்பியும் அதே கதை. சூத்திரம் ஒரு இடத்திலும் சறுக்கவில்லை. கணக்கு சரி, விடை பிழை. இந்த முறையில் இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது என்று அவரே சம்மேளனத்துக்கு முன்கூட்டி எழுதினார் என்றும் சொல்வார்கள்.

டோட்டா, வலோரண்ட், மொபைல் லெஜண்ட்ஸ், பப்ஜி என்று எதையாவது ராங்க்கில் விளையாடுகிறவர்கள் இந்தக் கதையை கவனிக்க வேணும். ஏனென்றால் நாங்கள் இரவிரவாக இருந்து ஏத்துகிற அந்த எண்ணின் கொள்ளுத்தாத்தா, பிளட்குட்டை 2702க்குக் கொண்டுபோன அதே கணக்குத்தான். "சிஸ்டம் ரிக்ட்டு மச்சான்", "டீம்மேட்ஸ் சரியில்ல", "ஸ்மர்ஃப் வந்து நாசமாக்கிட்டான்" என்று நாங்கள் புலம்புகிற எல்லாப் புலம்பலும் கொம்பியூட்டர் கேம்களுக்கு முன்னமே சதுரங்கக்காரர் புலம்பி முடித்தவை. கேம் கம்பனிகள் சதுரங்கத்திடம் இருந்து அளவுகோலை மட்டும் கடன் வாங்கவில்லை. அதிலிருந்த வெடிப்புகளையும் சேர்த்துத்தான் வாங்கின. அந்த வெடிப்புகள் எங்கே தொடங்கின என்று பார்ப்பம்.

எலோ என்றதும் அது ஏதோ ஒரு சுருக்கப் பெயர் என்று நினைக்கிற ஆக்கள் கனக்க. அது ஒரு மனிசன். ஆர்பாட் எலோ 1903இல் ஹங்கேரியில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனவர். மில்வோக்கி நகரத்து மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர். விஸ்கொன்சின் மாநிலச் சம்பியனாகப் பல தடவை வந்த சதுரங்கக்காரரும்கூட.

அவருக்கு முன்னம் அமெரிக்காவில் இருந்தது கென்னத் ஹார்க்னஸ் என்பவர் 1950இல் கொண்டுவந்த முறை. ஒரு போட்டியில் உங்கள் எதிராளிகளின் சராசரி ரேட்டிங்கை எடுப்பார்கள். நீங்கள் 50 வீதம் வென்றால் அந்தச் சராசரிதான் உங்கள் பெறுபேறு. அதற்கு மேலே ஒவ்வொரு வீதத்துக்கும் 10 புள்ளி கூடும், கீழே போனால் 10 குறையும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 1600 ரேட்டிங் உள்ள ஒருவர், சராசரி 2200 உள்ள ஒரு போட்டிக்குள் எப்படியோ நுழைந்து எல்லா ஆட்டத்திலும் தோற்றார் என்று வையுங்கள். பூச்சிய வீதம், ஆகவே 500 குறையும், பெறுபேறு 1700. ஒரு ஆட்டமும் வெல்லாமலே தன் ரேட்டிங்கை விட 100 கூட! பெரிய இடத்தில் போய் அடி வாங்கினாலே பெரிய ஆள்.

எலோ இதைப் பௌதிகவியல்காரர் மாதிரியே யோசித்தார். ஒரு ஆளின் திறமையை நேரே அளக்க ஏலாது. அது நாளுக்கு நாள் கூடிக் குறையும். நாங்கள் பார்க்கிறது அந்தந்த நாள் ஆட்டத்தை மட்டும்தான். தண்ணியில் ஏறி இறங்கி மிதக்கிற ஒரு தக்கையை, காத்தில் ஆடுகிற கயிற்றில் கட்டின அளவுகோலால் அளக்கிற மாதிரியான வேலை இது என்று அவரே ஒப்பிட்டிருக்கிறார். ஆகவே இரண்டு பேரின் ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து, யார் வெல்ல எவ்வளவு வாய்ப்பு என்று முதலில் கணிப்பது. பிறகு நடந்த முடிவுக்கும் அந்தக் கணிப்புக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு ஏற்ற மாதிரி புள்ளியைத் திருத்துவது. 200 புள்ளி வித்தியாசம் என்றால் கூடின ஆள் ஏறத்தாழ 76 வீதம் எடுக்க வேணும். ஒரு ஆட்டத்துக்கு ஆகக் கூடினது 32 புள்ளி என்று வைத்தால், அவர் வென்றால் 8 புள்ளிதான் கூடும், தோற்றால் 24 போய்விடும். சம ரேட்டிங் என்றால் 16க்கு 16.

அமெரிக்கச் சம்மேளனம் இதை 1960இல் ஏற்றது, சர்வதேசச் சம்மேளனமான ஃபிடே 1970இல் ஏற்றது. 80களின் நடுப்பகுதி வரை ஃபிடேயின் கணக்குகளை எலோவே பார்த்துக்கொடுத்தார்.

இந்த முறை என்ன சொல்லுது, என்ன சொல்லேல்ல என்று விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும். 1500 என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு அர்த்தமும் இல்லை. ஒருவரோடு ஒருவர் விளையாடிக் கலந்த ஒரு கூட்டத்துக்குள்ளே, இரண்டு பேருக்கு இடையிலான வித்தியாசத்துக்கு மட்டும்தான் அர்த்தம். அது அடுத்த ஆட்டத்தைப் பற்றின ஒரு ஊகம். பரிசு கிடையாது, சான்றிதழும் கிடையாது.

கூட்டம் கலக்காவிட்டால் என்ன நடக்கும் என்றதுக்கு மறியல் கதை ஒரு உதாரணம். அதை விடப் பெரிய உதாரணம் 1987 ஜனவரிப் பட்டியல். பெண்கள் பெரும்பாலும் பெண்களோடு மட்டுமே விளையாடினதால் அவர்களின் ரேட்டிங் ஆண்களின் ரேட்டிங்கோடு ஒப்பிடுகிறபோது குறைவாக விழுந்திருக்கிறது என்று சொல்லி, விளையாடிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாருக்கும் ஃபிடே 100 புள்ளி சும்மா கொடுத்தது. ஒரே ஒரு ஆளைத் தவிர. 17 வயது சூசன் போல்கார். அவர் ஆண்களோடு விளையாடி வளர்ந்தவர், ஆகவே அவரது ரேட்டிங் ஏற்கனவே சரி, அவருக்குத் தேவையில்லை என்பது நியாயம். விளைவு என்ன? பெண்களில் முதலாம் இடத்தில் இருந்த போல்கார் ஒரு ஆட்டமும் தோற்காமலே இரண்டாம் இடத்துக்குப் போனார். மாயா சிபுர்தனிட்ஸே முதலிடத்துக்கு வந்தார். புள்ளிவிபரவியலாகப் பார்த்தால் ஃபிடேயின் வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நிண்டு பாருங்கோ. கஷ்டமான பாதையைத் தேர்ந்த ஒரே ஆளுக்கு மட்டும் தண்டனை விழுந்திருக்கிறது.

பிறகு 90களின் கடைசியில் மியன்மார். நாட்டுக்குள்ளேயே நடந்த போட்டிகளில், தங்களுக்குள்ளேயே விளையாடி, அங்கத்தைய ஆட்டக்காரர்களின் ரேட்டிங் மளமளவென ஏறியது. சதுரங்க உலகம் சந்தேகத்தோடு பார்த்தது. உள்நோக்கம் இருந்ததோ இல்லையோ, மூடின வட்டம் என்றால் எண் வெளியுலகத்தோடு தொடர்பில்லாமல் மிதக்கத் தொடங்கிவிடும்.

இலங்கையில் ஏ.எல் எழுதின ஆக்களுக்கு இது ஒன்றும் புதுக்கதை இல்லை. வேறுவேறு பாடங்களின் மார்க்ஸைச் சும்மா கூட்டி ஒப்பிட ஏலாது என்றுதானே 2001இல் இசட் புள்ளி வந்தது. 2011 பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் எழுதின. இரண்டையும் ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி கணித்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்து, இரண்டையும் வேறுவேறு கூட்டங்களாக எடுத்துக் கணிக்கச் சொன்னது. ரேட்டிங்கில் எந்தக் கூட்டத்துக்குள்ளே அளந்தது என்பது நீதிமன்றம் வரைக்கும் போகக்கூடிய கேள்வி. ஆனால் ஒரு சேர்வரின் 'டயமண்ட்' இன்னொரு சேர்வரின் 'டயமண்ட்' ஆகுமா என்று எந்த கேமும் எங்களுக்குச் சொல்றதில்லை. கொரியாவின் லீக் ஒஃப் லெஜண்ட்ஸ் சேர்வரில் போய்ப் பயிற்சி எடுக்க ஐரோப்பிய டீம்கள் விமானம் ஏறுவது, அந்த இரண்டும் ஒன்றில்லை என்று அவர்களுக்குத் தெரிந்தபடியால்தான்.

எலோ முறையில் இன்னொரு வெடிப்பும் இருந்தது. அஞ்சு வருசம் விளையாடாமல் இருந்துவிட்டு வந்தவரின் 1800உம், போன கிழமை வரை விளையாடினவரின் 1800உம் எலோவுக்கு ஒன்றுதான். ஏறின ரேட்டிங்கை வைச்சுக்கொண்டு விளையாடாமல் குந்தியிருப்பது லாபம் என்றும் ஆகிவிடும். மார்க் கிளிக்மன் என்ற புள்ளிவிபரவியலாளர் 1995இல் கிளிக்கோ என்ற முறையைக் கொண்டுவந்தார். அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். ஒன்று ரேட்டிங். மற்றது அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்ற எண். கனநாள் விளையாடாவிட்டால் நம்பிக்கை குறையும், திரும்பி வந்ததும் புள்ளிகள் பெரிய பாய்ச்சலாக மாறும். சின்ன மாற்றம்தான், ஆனால் எனக்கு இதுதான் இந்த முழு வரலாற்றிலும் ஆக நேர்மையான இடமாகப் படுது. "எனக்கு வடிவாத் தெரியாது" என்று சொல்லப் பழகின முதலாவது ரேட்டிங் முறைகளில் ஒன்று அது.

இனி இணைய கேம்களுக்கு வருவம். முதலில் ஒரு சொல்லின் பிறப்பு. 1996 அளவில், வோர்கிராஃப்ட் 2ஐ இணையத்தில் விளையாடின கூட்டத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ரெண்டு பேரும் அவ்வளவு கெட்டிக்காரர் என்பதால், பெயரைக் கண்டதும் மற்ற ஆக்கள் மட்ச்சை விட்டே போய்விடுவார்கள். ஆட ஆள் இல்லை. ஆகவே புதுப் பெயர்களில் வந்தார்கள். பாப்பா ஸ்மர்ஃப், ஸ்மர்ஃபெட். கார்ட்டூன் பெயர்கள். அங்கேயிருந்துதான் 'ஸ்மர்ஃப்' என்ற சொல். ஆனால் வேலை பழையது. அமெரிக்கச் சதுரங்கப் போட்டிகளில் ரேட்டிங் வகுப்புக்கு வகுப்பு காசுப் பரிசு உண்டு. கீழ் வகுப்புப் பரிசைத் தட்ட வேண்டும் என்று வேணுமெண்டு தோற்று ரேட்டிங்கை இறக்குகிற ஆக்கள் இருந்தார்கள். அதற்காகவே சம்மேளனம் ஒருவரின் ரேட்டிங் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாதபடி தளம் போட்டது. சதுரங்கத்தில் ஒரு ஆளுக்கு ஒரு பெயர், ஒரு உறுப்புரிமை. இணையத்தில் ஒரு ஈமெயில் முகவரி இருந்தால் காணும், புது ஆள் ரெடி.

2004இல் வந்த ஹேலோ 2 ஒவ்வொருவருக்கும் திறமை மட்டத்தை எண்ணாகக் காட்டியது. மைக்ரோசொஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில் ரால்ஃப் ஹெர்பிரிக், டொம் மின்கா, தோரே கிரேப்பல் மூவரும் ட்ரூஸ்கில் என்ற முறையை உருவாக்கினார்கள். 2005 கடைசியில் எக்ஸ்பொக்ஸ் 360ஓடு அது வந்தது. கிளிக்கோ மாதிரியே இரண்டு எண்கள். ஒரு ஆளின் திறமை 25 என்று ஊகித்துத் தொடங்கும், நிச்சயமின்மை 8.33. காட்டுகிற மட்டமோ 'திறமை கழித்தல் மூன்று மடங்கு நிச்சயமின்மை'. கணக்குப் போட்டுப் பாருங்கோ, பூச்சியம் வரும். விளையாட விளையாட நிச்சயமின்மை குறையும், மட்டம் ஏறும். புத்திசாலித்தனமான வேலை.

2007 செப்டெம்பரில் வந்த ஹேலோ 3 இதை 1இலிருந்து 50 வரையான மட்டமாகக் காட்டியது. அப்போதுதான் விளையாட்டு மாறியது. நிறைய மட்ச் விளையாடின ஒருவரைப் பற்றி சிஸ்டத்துக்கு நிச்சயம் கூட. ஆகவே அவர் திருந்தி நல்லா விளையாடத் தொடங்கினாலும் எண் ஆமை வேகத்தில்தான் ஏறும். புது எக்கவுண்டைப் பற்றி நிச்சயம் குறைவு, ஆகவே அது பாய்ந்து ஏறும். பெடியளுக்கு இது விளங்க அதிக நாள் எடுக்கவில்லை. 50ஐத் தொடச் சுலபமான வழி பழைய எக்கவுண்டை எறிந்துவிட்டுப் புதுசு திறக்கிறதுதான். இணையத்தில் '50' எக்கவுண்டுகள் விலைக்கு வந்தன. நிச்சயமின்மையை நேர்மையாக ஒப்புக்கொண்ட ஒரு முறையை, பரிசாகக் காட்டின உடனேயே அந்த நேர்மை ஓட்டையாகிவிட்டது.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் அதே 2007இல் அரீனா வந்தது. டீம்கள் 1500இல் தொடங்கும் எலோ வகைக் கணக்கு. ஒவ்வொரு கிழமையும் டீமின் ரேட்டிங்கைப் பொறுத்துப் புள்ளிகள் கிடைக்கும், அந்தப் புள்ளிகளைக் கொடுத்து ஆயுதம், கவசம் எடுக்கலாம். ஊகத்துக்கு இப்போது விலை வந்துவிட்டது. உயர் ரேட்டிங் உள்ள டீம்களில் 'இடம்' விற்கப்பட்டது. அதைத் தடுக்கத் தனியாள் ரேட்டிங் என்று இன்னொரு எண் வந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டு.

டீம் என்றதும் எலோவின் அடிப்படையே ஆட்டம் காணுது. சதுரங்கத்தில் தோற்றால் நான்தான் தோற்றேன். ஐந்துக்கு ஐந்து மட்ச்சில் வெற்றியில் என் பங்கு எவ்வளவு? ட்ரூஸ்கில் ஒரு டீமின் பலத்தை அதில் உள்ளவர்களின் திறமைகளின் கூட்டுத்தொகையாக எடுத்தது. எங்கட டீமில் ரெண்டு பேர் ஒரே ஹீரோவுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறபோது இது எவ்வளவு பொருந்தும் என்று உங்களுக்கே தெரியும். சரி, தனியாளின் ஆட்டத்தையும் அளப்பம் என்று ஓவர்வொட்ச் 2016இல் முயன்றது. வெற்றி தோல்வியோடு, நீங்கள் எவ்வளவு நல்லாச் செய்தீர்கள் என்பதும் புள்ளியைக் கூட்டிக் குறைத்தது. உடனே ஆக்கள் அளக்கப்படுகிற விசயத்தைச் செய்யத் தொடங்கினார்கள். டீமுக்காக ஹீரோவை மாத்தினால் உனக்கு நட்டம், ஒரே ஹீரோவைக் கட்டிப் பிடிச்சால் லாபம். 2018 தொடக்கத்தில் டயமண்டுக்கும் அதற்கு மேலேயும் அதை எடுத்துவிட்டார்கள்.

2018இல் வந்த ட்ரூஸ்கில் 2 பற்றின மைக்ரோசொஃப்ட் அறிக்கையில் ஒரு விபரம் இருக்கு. ஹேலோ 5இன் பழைய மட்ச்களின் முடிவைப் பழைய ட்ரூஸ்கில் 52 வீதம் சரியாக ஊகித்தது, புதியது 68 வீதம். 52 என்றால் காசு சுண்டிப் பார்க்கிறதை விடக் கொஞ்சம் மேல். (மட்ச்களே ஏற்கனவே சமமாகப் பார்த்துக் கோர்க்கப்பட்டவை என்பதால் ஊகிக்கிறது கஷ்டம்தான், அதையும் சொல்ல வேணும்.) புதியது கொலைக் கணக்கு, நண்பர்களோடு கூட்டாக வந்தாரா, இடையில் விட்டுப் போனாரா என்பவற்றையும் சேர்த்தது.

இடையில் விட்டுப் போறது என்று வந்ததால் ஒன்று. 2022 மார்ச் கடைசியில் இந்த நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறன்ட் இல்லை. ரௌட்டர் நிண்ட அந்த நிமிசம் சிஸ்டத்துக்கு நாங்கள் மட்ச்சைக் கைவிட்ட ஆள். கூடின பிங்கோடு சிங்கப்பூர் சேர்வரில் விளையாடுகிற பெடியனின் ராங்க்கில் எவ்வளவு அவனுடைய கை, எவ்வளவு கடலுக்கடி வயர் என்று பிரிக்க எந்தச் சூத்திரத்திலும் இடமில்லை. ராங்க்கைப் பார்த்து டீமுக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு அந்த ஒரு எண் மட்டும்தான் தெரியும்.

'எலோ நரகம்' என்ற சொல்லை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். டீம்மேட்ஸால்தான் நான் கீழே கிடக்கிறேன் என்ற நம்பிக்கை. இதைச் சும்மா சாட்டு என்று சிரிக்கிற ஆக்களிடம் ஒரு நியாயம் இருக்கு. எங்கட பக்கம் தெரியாத நாலு பேர், மற்றப் பக்கம் ஐந்து பேர். அதிர்ஷ்டம் நாளடைவில் சமமாகிவிடும். ஆனால் 'நாளடைவில்' என்றால் எத்தனை நாள்? நீங்கள் இருக்கிற மட்டத்தை விடக் கெட்டிக்காரர், உண்மையான வெற்றி வாய்ப்பு 55 வீதம் என்று வையுங்கள். நிகழ்தகவுக் கணக்குப்படி 100 மட்ச் விளையாடியும் 50ஐத் தாண்டாமல் நிற்க ஏறத்தாழ 18 வீத வாய்ப்பு இருக்கு. அதாவது அப்படிப்பட்ட ஐந்தாறு பேரில் ஒருவர். ஒரு டோட்டா மட்ச் 40 நிமிசம் என்றால் 100 மட்ச் 66 மணித்தியாலத்துக்கும் மேல். அவ்வளவு நேரம் நல்லா விளையாடியும் நிண்ட இடத்திலேயே நிற்கிறவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். அவர்கள் புலம்பினால் அது சாட்டு இல்லை. யார் அந்த ஆறில் ஒருவர், யார் சும்மா புலம்புகிறவர் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல ஏலாது என்பதுதான் பிரச்சினை.

இந்த வரலாற்றில் பெரிய திருப்பம் என்று நான் நினைக்கிறது 2013. அதுவரை லீக் ஒஃப் லெஜண்ட்ஸ் தன் பிளேயர்களுக்கு எலோ எண்ணை அப்படியே காட்டியது. 1200இல் தொடங்கும். மூன்றாவது சீசனில் அதை மறைத்தார்கள். முன்னுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளட்டினம், டயமண்ட், சலெஞ்சர் என்ற படிகள். பின்னுக்கு, யாருக்கும் தெரியாமல், எதிராளியைத் தெரிவு செய்கிற உண்மையான எண். அளவுகோல் உள்ளே போய்விட்டது, வெளியே பதக்கம் தொங்குது. சீசன் முடிந்தால் பதக்கம் இறங்கும், திருப்பி ஏற வேணும். நீங்கள் மோசமாகிவிட்டீர்கள் என்பதால் அது இறங்கவில்லை. நீங்கள் திரும்பி வர வேணும் என்பதால் இறங்குது. இன்றைக்கு மொபைல் கேம்களில் நாங்கள் காண்கிற படிகள் எல்லாம் ஏறக்குறைய இந்த வடிவம்தான். பலதில் அடிக்கடி விளையாடினாலே ஏறிவிடலாம். அது திறமையை அளக்கிறதா, லீவு நாட்களை அளக்கிறதா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்லுவன்.

பரிசு என்று ஆனதும் சந்தையும் வந்தது. காசு வாங்கி மற்றவருக்காக ராங்க் ஏத்திக்கொடுக்கிற தொழில் தென்கொரியாவில் எவ்வளவு பெருத்தது என்றால், 2018 டிசம்பரில் பாராளுமன்றமே சட்டம் போட்டது. 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி வொன் வரை அபராதம். 2023இல் டோட்டா 2 கிளிக்கோவுக்கு மாறியது. அதே ஆண்டு செப்டெம்பரில் 90,000 ஸ்மர்ஃப் எக்கவுண்டுகளைத் தடை செய்ததாக வால்வ் அறிவித்தது. கணக்கு முறை 28 வருசம் பழைய கிளிக்கோ. பிடிபட்ட தந்திரமோ பாப்பா ஸ்மர்ஃபின் தந்திரம்.

'அப்ப இந்த மட்ச்மேக்கிங்கையே தூக்கி எறியுங்கோ' என்று கோல் ஒஃப் டியூட்டி ஆக்கள் கனகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் அக்டிவிஷன் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. திறமை பார்த்துக் கோர்ப்பதைத் தளர்த்தியபோது, மேலேயுள்ள 10 வீதத்தினர் தவிர மற்றவர்கள் திரும்பி வருவது குறைந்தது. கம்பனியின் சொந்தத் தரவு என்பதை மறக்கக் கூடாது, ஆனால் முடிவு நம்பக்கூடியதுதான். தூக்கி எறியச் சொல்லிச் சத்தம் போடுகிறவர்கள் பெரும்பாலும் அடிக்கிற பக்கத்தில் இருக்கப் போகிற ஆக்கள். எனக்கு ராங்க் வேண்டாம் என்று இல்லை. சமமான ஆளோடு விளையாடுகிற சுகமே தனி. எலோ செய்தது அதற்கான ஏற்பாடு.

பயப்பட வேண்டியது வேறொரு இடத்தில். 2017இல் ஈ.ஏ. கம்பனி ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சமமான மட்ச்தான் ஆக்களைக் கூடுதல் நேரம் வைத்திருக்கும் என்று நினைப்பது பிழை. யார் எப்போது கேமை விட்டுப் போகப்போகிறார் என்று ஊகித்து, அவரை வைத்திருக்கும்படி எதிராளியைத் தெரிவு செய்யலாம் என்பது அதன் வாதம். காட்டினது உருவகப்படுத்தல் கணக்கில்தான், கேமில் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அதே 2017இல் அக்டிவிஷனுக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. பொருள் வாங்கத் தூண்டுகிற மாதிரி எதிராளியைக் கோர்ப்பது பற்றியது. எந்த கேமிலும் அதைப் பாவிக்கவில்லை என்று கம்பனி சொன்னது. நம்புவம். ஆனால் உள்ளே இருக்கிற எண் மறைந்து 10 வருசத்துக்கும் மேல் ஆகிவிட்டது. அது இப்போது எதை ஊகிக்குது, யார் வெல்லுவார் என்றா, யார் போகமாட்டார் என்றா, என்பதை வெளியில் இருந்து பார்க்க எங்களுக்கு வழி ஒன்றும் இல்லை.

லைசெஸ் என்ற இலவசச் சதுரங்கத் தளத்தில் மட்டும் இதுக்கு நேரெதிரான ஒரு ஏற்பாட்டைக் கண்டிருக்கிறேன். அது கிளிக்கோ 2ஐப் பாவிக்குது. மென்பொருள் முழுக்கத் திறந்தது, யாரும் வாசிக்கலாம். அதன் அமைப்புகளில் ரேட்டிங்கைக் காட்டவா வேண்டாமா என்று ஒரு தெரிவு இருக்கு. வேண்டாம் என்று அழுத்தினால் உங்கள் எண்ணும் தெரியாது, எதிரே வருகிறவரின் எண்ணும் தெரியாது. பின்னால் கணக்கு வழமை போல ஓடிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய உங்கள் அளவுக்கு விளையாடுகிற ஒருவரைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து முன்னால் இருத்தும்.